விருதுநகர் வழியாகச் செல்லும் எஞ்சின்கள்: ஒரு கல்வியின் வரலாறு

வடக்கே மதுரைக்கும், தெற்கே சாத்தூர், கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலிக்கும், மேற்கே சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்கும், கிழக்கே அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரைக்கும் பாதைகள் பிரிகிற விருதுநகர்ச் சந்திப்பில், ஏதோ ஒரு வண்டிக்காகக் காத்திருக்கும் பொழுதை வீணான பொழுதென்று நான் ஒருநாளும் கருதியதில்லை. இந்தத் தேசம் யந்திரக் கலையைக் கற்ற வரலாறு, புத்தகத்தில் அன்றி இருப்புப்பாதையின் மீதே வரிசைக் கிரமமாக நம் கண்முன் ஓடிய இடங்களுள் அதுவும் ஒன்று.

சிவகாசியில் அச்சகம் நடத்தும் இளைஞர் ஒருவர், ரயில்களைப் பற்றி நான் ஓயாமல் பேசுவதை நெடுநாள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, அண்மையில் ஒரு கேள்வியைப் போட்டார்: "அண்ணாச்சி, இந்த எஞ்சின் எல்லாம் வெளிநாட்டுக்காரன் வரைஞ்சு கொடுத்ததுதானே? நட்டு போல்ட்டு மாட்டுனதத் தவிர நம்ம ஆளுக என்னதான் செஞ்சாக?" நியாயமான கேள்வி. அதற்கு அன்று வாய்மொழியாக நான் சொன்ன விடை அரைகுறையாக இருந்தது என்பது என் எண்ணம். ஆகையால், சற்று விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

அந்த விடையைத் தொடங்குவதற்கு வேற்றூருக்குப் போகவேண்டியதில்லை, சிவகாசியிலேயே தொடங்கலாம். 1923-ஆம் வருஷத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கவேண்டுமென்று கல்கத்தாவுக்குப் பிரயாணம் செய்தார்கள். அங்கே பிறர் செய்வதைப் பார்த்துப் பழகித் திரும்பியவர்கள், பார்த்ததை அப்படியே செய்துகொண்டு நின்றுவிடவில்லை. மழை குறைந்த, வெயில் காய்கிற, விவசாயம் கைகொடுக்காத இந்தப் பூமிக்கும் இங்குள்ள மக்களின் கைகளுக்கும் பொருந்துமாறு அந்தத் தொழிலை மாற்றி அமைத்தார்கள். தீக்குச்சியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து வாணவேடிக்கையும், தீப்பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளிலிருந்து அச்சுத் தொழிலும் கிளைத்தன. இன்று சிவகாசிப் பட்டாசைக் கல்கத்தாச் சரக்கென்று எவரும் சொல்வதில்லை. வாரணாசியிலும் சித்தரஞ்சனிலும் ரயில் எஞ்சின் செய்யும் ஸ்தாபனங்கள் கற்ற விதமும், அதன்பின் நடந்ததும், இதற்கு மிகவும் நெருங்கியவை.

கரி எஞ்சின் ஓடிய காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1870-களில் தென்னிந்திய ரயில்வே தூத்துக்குடி வரையில் மீட்டர் கேஜ் பாதை போட்டதிலிருந்து நூறாண்டுக் காலம் இங்கே நீராவியின் ஆட்சிதான். ஆனால் அந்த ஆட்சிக்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: ஒன்று நிலக்கரி, மற்றொன்று தண்ணீர். நிலக்கரி நமக்கு நெடுந்தூரத்திலிருந்து வரவேண்டும். தண்ணீரோ, குடிப்பதற்கே குடத்தோடு காத்துநின்ற பழைய இராமநாதபுரம் ஜில்லாவில், எஞ்சினின் தாகத்தையும் தணித்தாக வேண்டும். கரியும் நீரும் அபரிமிதமாகக் கிடைத்த தேசங்களில் டீசல் எஞ்சின் ஒரு வசதியாக வந்திருக்கலாம். கரிசல் பூமிக்கு அது விமோசனமாகவே வந்தது.

அந்த டீசல் எஞ்சினின் பிறப்போடு நம் பக்கத்து வண்டி ஒன்றின் துயரமும் நினைவுக்கு வருகிறது. வாரணாசியில் டீசல் எஞ்சின் தொழிற்சாலைக்குக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டிய 1956-ஆம் வருஷத்தில் ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. அதே வருஷம் நவம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்த எக்ஸ்பிரஸ், வெள்ளத்தில் அரிக்கப்பட்டிருந்த பாதையில் அரியலூருக்கு அருகே கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மதுரையையும் விருதுநகரையும் தாண்டிப் போகவேண்டிய வண்டி அது. அந்த விபத்துக்குத் தாமே தார்மிகப் பொறுப்பேற்று சாஸ்திரி பதவி துறந்தார். 1961-இல் தொழிற்சாலை அமைந்தபின், 1964-ஆம் வருஷம் ஜனவரி 3-ஆம் தேதி வாரணாசியின் முதல் டீசல் எஞ்சினை நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவரேதான். அந்த மாதத்திலேயே விருதுநகரில் பிறந்த காமராஜர் காங்கிரஸ் மகாசபையின் தலைவரானார்; ஜூன் மாதத்தில் சாஸ்திரி பிரதமரானபோது அதற்குக் காரணமாக நின்றவர்களுள் அவர் முதன்மையானவர்.

அந்த முதல் எஞ்சின் டபிள்யூ.டி.எம்-2 வகையைச் சேர்ந்தது. இந்த எழுத்துகளின் கணக்கு எளிதானது: டபிள்யூ என்றால் அகலப்பாதை, ஒய் என்றால் மீட்டர் பாதை, டி என்பது டீசல், ஏ என்பது மாற்று மின்னோட்டத்தில் ஓடுவது, பி பிரயாணிகளுக்கு, ஜி சரக்குக்கு, எம் இரண்டுக்கும் பொது. வரைபடம் அமெரிக்காவில் ஸ்கெனக்டடி நகரத்திலிருந்த ஆல்கோ கம்பெனியுடையது: பதினாறு சிலிண்டர், 2,600 குதிரைத்திறன், ஆறு அச்சுகள், சுமார் 113 டன் எடை. ஏறக்குறைய அதே சமயத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் எஞ்சின்களும் டபிள்யூ.டி.எம்-4 என்ற பெயரில் இங்கே இறக்குமதியாகி ஓடின; அவை மட்டமானவை அல்ல. ஆயினும், தயாரிக்கும் ஞானத்தையும் சேர்த்துக் கொடுக்க இசைந்த ஆல்கோவையே நம் ரயில்வே வரித்துக்கொண்டது. பொருளைக் காட்டிலும் பொருளைச் செய்யும் வித்தையே பெரிதென்று கண்ட அந்தத் தீர்மானம், சுதந்தர இந்தியாவின் கைத்தொழில் வரலாற்றில் மிகவும் விவேகமானவற்றுள் ஒன்றென்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அகலப்பாதைக்கு டபிள்யூ.டி.எம்-2 எதுவோ, நம் மீட்டர் பாதைக்கு ஒய்.டி.எம்-4 அது. அதுவும் ஆல்கோ குடும்பந்தான். வரிசையாக ஆறு சிலிண்டர், சுமார் 1,400 குதிரைத்திறன், 72 டன் எடை. முதலில் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த இந்த வகையை 1968 முதல் வாரணாசியே செய்யத் தொடங்கிற்று. திருச்சிக்கு அருகே பொன்மலை ஷெட்டிலிருந்து இவை தெற்கெங்கும் புறப்பட்டன. 1977-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி வைகை எக்ஸ்பிரஸ் சென்னைக்கும் மதுரைக்கும் இடையே ஓடத் தொடங்கி, அந்தக் குறுகிய பாதையில் இத்தனை வேகம் சாத்தியமா என்று யாவரையும் வியக்கவைத்தபோது, அதை இழுத்தது இந்த ஒய்.டி.எம்-4 தான். ஸ்டேஷனில் நின்றிருந்து புறப்படும்போது அதன் தலையிலிருந்து குபீரென்று கரும்புகை எழும்பும். டீசலை எரிக்கக் காற்று வேண்டும்; அந்தக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ என்ற சுழலியைச் சுழற்றுவதோ, எஞ்சின் வெளியேற்றும் புகை. டிரைவர் நாட்ச் என்ற விசைப்படியைக் கூட்டியவுடன் எண்ணெய் உடனே பாய்ந்துவிடுகிறது. சுழலி வேகம் பிடிக்கச் சில விநாடிகள் ஆகின்றன. அந்தச் சில விநாடிகளில் காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த எண்ணெயே கரும்புகையாக வெளிப்படுகிறது.

இனி, நண்பரின் கேள்விக்கு நேரான விடைக்கு வருகிறேன். 1969-இல் ஆல்கோ கம்பெனி தன் தொழிற்சாலையை மூடிவிட்டது. வித்தை கொடுத்தவர் போய்விட்டார். அனுப்பிக் கேட்பதற்கு விலாசமில்லை. நட்டும் போல்ட்டும் மாட்டுவது மாத்திரமே கற்றிருந்தால் வாரணாசித் தொழிற்சாலை அத்தோடு தேங்கி நின்றிருக்கும். நடந்ததோ வேறு. லக்னோவிலுள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி ஸ்தாபனமான ஆர்.டி.எஸ்.ஓ.வும் வாரணாசியும் சேர்ந்து, அதே எஞ்சினை எடுத்துக்கொண்டு, டர்போவை மாற்றி, எண்ணெய்ச் செலவைக் குறைத்து, பழைய ஜெனரேட்டரின் இடத்தில் ஆல்டர்னேட்டரை வைத்து, 2,600 குதிரைத்திறனை 3,100 ஆகவும், பிறகு 3,300 ஆகவும் உயர்த்தின. டபிள்யூ.டி.எம்-3ஏ, சரக்குக்கென்றே அமைந்த டபிள்யூ.டி.ஜி-3ஏ, அதன்பின் டபிள்யூ.டி.எம்-3டி என்று அந்த வம்சம் பெருகிற்று. அமெரிக்காவில் ஆல்கோ என்ற பெயர் பழங்கதையாகிவிட்ட பின்னும் நாற்பது வருஷத்துக்கும் மேலாக அதன் எஞ்சினை வளர்த்துக்கொண்டே வந்தது நம் தொழிற்சாலை. 1976-இல் தான்சானியாவுக்கு எஞ்சின்கள் ஏற்றுமதியாயின. 1996-இல் இலங்கை ரயில்வே வாங்கி எம்-8 என்று பெயரிட்டு ஓட்டியதும் வாரணாசியின் ஆல்கோ வம்சந்தான். மீட்டர் பாதைகள் இங்கே மறைந்தபோது வேலையற்றுப்போன ஒய்.டி.எம்-4 எஞ்சின்களில் சில, அதே அளவுப் பாதையுள்ள மலேசியாவுக்குப் போய் அங்கே சரக்கு வண்டிகளை இழுத்தன.

மின்சார எஞ்சினின் கதை வங்காள எல்லையில் நடப்பது. தேசபந்து சித்தரஞ்சன் தாஸின் பெயரைத் தாங்கிய சித்தரஞ்சன் தொழிற்சாலை 1950-இல் நீராவி எஞ்சின் செய்யப் பிறந்தது. 1961-இல் அது முதல் மின்சார எஞ்சினை முடித்து 'லோகமான்யா' என்று பெயர் சூட்டிற்று. அது பம்பாய்ப் பக்கத்து 1,500 வோல்ட்டு நேர் மின்னோட்டத்துக்கு உரியது. அதன்பின் 25,000 வோல்ட்டு மாற்று மின்னோட்டத்துக்கு நம் ரயில்வே மாறியபோது, ஐரோப்பியக் கம்பெனிகளின் கூட்டமைப்பு ஒன்றின் துணையோடு டபிள்யூ.ஏ.ஜி-1 வகையை 1963 முதல் செய்தது.

இந்த மாற்று மின்னோட்டம் நம் தமிழ்நாட்டு மீட்டர் பாதைக்கும் வந்ததை இன்றைய தலைமுறை அறியாது. 1960-களில் விழுப்புரம் வரையில் மின்கம்பி நீண்டது. ஜப்பானில் செய்த ஒய்.ஏ.எம்-1 என்ற சிறிய எஞ்சின்கள் அங்கே ஓடின. விருதுநகரிலிருந்து எழும்பூருக்குப் போகிறவர்கள் விழுப்புரத்தில் எஞ்சின் மாற்றும்வரை காத்திருந்து, டீ குடித்து, பிறகு மின்சாரத்தின் இழுப்பில் சென்னை சேர்ந்தார்கள். நம் பக்கத்துக்கு அந்தக் கம்பி வர இன்னும் அரை நூற்றாண்டு பொறுக்கவேண்டியிருந்தது.

இதற்கிடையில் சித்தரஞ்சனில் நடந்த ஒரு காரியத்தை நான் மிகவும் விரும்பிச் சொல்வதுண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த நான்கு அச்சு மின்சார எஞ்சின்கள் நம் பாதைக்கும், நம் சுமைக்கும், நம் வெப்பத்துக்கும் முழுமையாக ஈடுகொடுக்கவில்லை. அவற்றின் குறைநிறைகளை அநுபவத்தில் அறிந்த நம் பொறியாளர்கள் 1970-71-இல் டபிள்யூ.ஏ.எம்-4 என்ற எஞ்சினைத் தாங்களே வரைந்தார்கள். வரையும்போது, சக்கரங்களைத் தாங்கும் போகிக்கு ஐரோப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை, வாரணாசியின் டபிள்யூ.டி.எம்-2 எஞ்சினுக்கு அடியில் நம் நாட்டுத் தண்டவாளத்தில் ஓடி ஓடிச் சோதிக்கப்பட்டிருந்த அந்த ஆல்கோ போகியையே எடுத்து மின்சார எஞ்சினுக்கு அடியில் வைத்தார்கள். ஓர் ஆசிரியரிடம் கற்ற மின்சாரப் பாடத்தையும் வேறோர் ஆசிரியரிடம் கற்ற சக்கரப் பாடத்தையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டு ஆசிரியரிடத்தும் இல்லாத ஒரு மூன்றாவது பொருளைப் படைப்பவன் எவனோ, அவனே கற்றவன். பிறன் கோட்டின்மேல் கோடு இழுப்பவன் அல்லன். அந்த டபிள்யூ.ஏ.எம்-4 வம்சத்திலிருந்துதான் 1980-இல் டபிள்யூ.ஏ.பி-1, அதன்பின் சரக்குக்கு டபிள்யூ.ஏ.ஜி-5, 1990-களில் சுமார் 5,000 குதிரைத்திறனுள்ள டபிள்யூ.ஏ.பி-4 ஆகியவை பிறந்தன. ஈரோட்டிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் வந்த டபிள்யூ.ஏ.பி-4 எஞ்சின்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் அரியர்.

1990-களில் உலகம் மற்றொரு படி ஏறியிருந்தது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்து பொறிபறக்கிற பழைய முறை போய், பிரஷ்ஷே இல்லாத மும்முனை மோட்டார்கள் வந்திருந்தன. பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி, பிறந்த மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பியனுப்பும் வசதியும் அவற்றோடு வந்தது. இந்தப் பாடத்தைக் கற்க நம் ரயில்வே மீண்டும் மாணாக்கனாக அமர்ந்தது. மின்சாரத்துக்கு ஏ.பி.பி. கம்பெனி; டீசலுக்கு, முப்பது வருஷங்களுக்குமுன் விடைகொடுத்து அனுப்பிய அதே ஜெனரல் மோட்டார்ஸ். சித்தரஞ்சன் 1998-இல் டபிள்யூ.ஏ.ஜி-9 சரக்கு எஞ்சினைத் தானே செய்து 'நவயுக்' என்று பெயரிட்டது. வாரணாசி 2002-இல் 4,000 குதிரைத்திறனுள்ள டபிள்யூ.டி.ஜி-4 எஞ்சினைச் செய்தது.

இங்கும் நகலோடு நின்றுவிடவில்லை. ஏ.பி.பி. கொடுத்த சரக்கு எஞ்சினின் பல்சக்கர விகிதத்தை மாற்றி, நீண்ட பிரயாணி வண்டிகளை வேகத்தோடு இழுக்கும் டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சினை 2000-ஆம் வருஷத்தில் சித்தரஞ்சன் உண்டாக்கிற்று. 6,000 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட அதுதான் இன்று தேசத்தின் பெரிய வண்டிகளுக்கெல்லாம் முதுகெலும்பு. வாரணாசியோ, ஒரே முனையில் டிரைவர் அறையிருந்ததால் நீண்ட எஞ்சின் உடம்புக்கு அப்பால் சிக்னல் பார்த்து ஓட்டவேண்டியிருந்த டிரைவர்களின் கஷ்டத்தை உணர்ந்து, இரு முனையிலும் அறையுள்ள டபிள்யூ.டி.பி-4டி வகையை அமைத்தது. ஓட்டுகிறவனுடைய கண்ணின் வேதனையிலிருந்து பிறந்த மாற்றம் என்பதால் அதற்கு என் மனத்தில் தனி மதிப்புண்டு.

நம் ஊருக்குத் திரும்புவோம். 1990-களில் மதுரை – திருநெல்வேலி மார்க்கம் அகலப்பாதையாயிற்று. 2003, 2004-ஆம் வருஷங்களில் சிவகாசி, ராஜபாளையம் வழியாகத் தென்காசி மார்க்கமும் மாறிற்று. அதுகாறும் வாரணாசியின் சிறிய பிள்ளையையே அறிந்திருந்த நாம் அதன் பெரிய பிள்ளைகளைக் கண்டோம். மேற்கே செங்கோட்டை – புனலூர் மலைப்பாதையில் மாத்திரம் ஒய்.டி.எம்-4 எஞ்சின்கள் 2010 வரையில் குகைகளினூடே ஏறியிறங்கிக்கொண்டிருந்தன. பிரதான மார்க்கத்துக்கு 2010-களின் முற்பகுதியில் மின்கம்பி வந்தது. சிவகாசி மார்க்கத்துக்கு அண்மை வருஷங்களிலேதான் வந்தது. சென்னைக்குப் போகும் பொதிகை எக்ஸ்பிரஸ் டீசலின் உறுமலோடு சிவகாசியில் வந்துநின்ற நாட்கள் இன்னும் பசுமையாக நினைவிலிருக்கின்றன.

டீசல் தொழிற்சாலையும் காலத்தோடு மாறிற்று. பாதையெல்லாம் மின்மயமாகும்போது தனக்கு வேலையில்லை என்று அது கையைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை. டீசல் எஞ்சின்கள் இரண்டை எடுத்து, உள்ளிருந்த யந்திரத்தைக் களைந்து மின்சார யந்திரத்தைப் பொருத்தி, 10,000 குதிரைத்திறனுள்ள இரட்டை எஞ்சினாக்கியது. 2019-ஆம் வருஷம் பிப்ரவரியில் அதைப் பிரதமர் கொடியசைத்து அனுப்பினார். 2020-இல் 'டீசல்' என்ற சொல்லைப் பெயரிலிருந்தே நீக்கி, பனாரஸ் எஞ்சின் தொழிற்சாலை என்றாகி, சித்தரஞ்சனின் டபிள்யூ.ஏ.பி-7 எஞ்சினை இப்போது அதுவும் செய்கிறது. 2023-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் விருதுநகரில் நின்றுசெல்லும் திருநெல்வேலி – சென்னை வந்தே பாரத்தில் தனி எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன. அதை 2018-இல் முதன்முதல் உருவாக்கியது பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை, காமராஜர் முதலமைச்சராக இருந்த 1955-இல் ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியிடம் பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு தொடங்கிய தொழிற்சாலை அது.

எனவே, நண்பருக்கு என் விடை இது: வரைபடம் வெளியிலிருந்து வந்தது மெய், ஆனால் வரைபடம் கொடுத்தவர் மறைந்த பின்னும் யந்திரம் வளர்ந்ததே, அந்த வளர்ச்சி முழுவதும் நம்முடையது. ஒரு தொழிலை எவரிடம் கற்றோம் என்பதில் மானமும் இல்லை, அவமானமும் இல்லை. கற்றதைத் திறந்துபார்க்கவும், பழுதுபார்க்கவும், நம் வெயிலுக்கும் நம் தேவைக்கும் தக்கவாறு மாற்றவும் நமக்கு உரிமையும் திறமையும் உண்டா என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது.

இதைப் பழங்கதைக்காக நான் சொல்லவில்லை. பீகாரில் மாதேபுராவில் பிரெஞ்சுக் கம்பெனியான அல்ஸ்டாமோடு கூட்டாக 12,000 குதிரைத்திறனுள்ள டபிள்யூ.ஏ.ஜி-12 எஞ்சின்கள் உருவாகின்றன. 2020 முதல் அவை சரக்கு வண்டிகளை இழுத்துவருகின்றன. அவை மகத்தான யந்திரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் 1960-களில் நம் முன்னோர் கேட்ட அதே கேள்வியை நாமும் கேட்டாகவேண்டும்: எஞ்சினைக் கொடுக்கிறீர்கள், அதைச் செய்யும் வித்தையையும், அதற்குள் ஓடுகிற கணிப்பொறிக் கட்டளைகளைத் திருத்தும் அதிகாரத்தையும் கொடுக்கிறீர்களா? முப்பது வருஷங்கள் கழித்து அந்தக் கம்பெனி இல்லாமற்போனாலும் எங்கள் ஷெட்டிலுள்ள தொழிலாளி அதை மேலும் வளர்க்க முடியுமா? விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் பாலிடெக்னிக்குகளில் இயந்திரவியலும் மின்னியலும் படிக்கும் பிள்ளைகளைப் பொன்மலைக்கும் ஈரோட்டுக்கும் அழைத்துச் சென்று, பிரித்துப்போட்ட ஒரு மோட்டாரையும் ஒரு போகியையும் கையால் தொட்டுப்பார்க்க வைத்து, இந்தக் கேள்வியை அவர்கள் மனத்திலே விதைக்குமாறு ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்கிறேன். கேள்வியைக் கேட்பதற்கும் விடையைச் சரிபார்ப்பதற்கும் தகுதியுள்ளவர்கள் அவர்களிலிருந்துதான் வரவேண்டும்.